வாக்குச்சாவடிக்குப் போகும் மாணவர்களுக்கு: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் தேதி அறிவித்ததும் கல்லூரிகளில் என்எஸ்எஸ், என்சிசி பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொள்வார்கள். பெயர் கொடுத்த அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தேர்தலிலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துச் சாவடிகளை மனதில் வைத்து எழுதியது. சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், மணலும் சொந்தக்காரர்களும்தான் இங்கே கொஞ்சம் அதிகம்.

நாங்களும் தேர்தல் அலுவலர்கள்தானே?

இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 26-இன்படி வாக்குச்சாவடித் தலைமை அலுவலரையும் மற்ற வாக்குப்பதிவு அலுவலர்களையும் நியமிப்பவர் மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர். அந்த வேலைக்குப் பெரும்பாலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான் வருவார்கள். ஒருவர் பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார், ஒருவர் இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைத்து 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வாங்குவார், இன்னொருவர் வாக்குப்பதிவு இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அமுக்கி ஓட்டுப் போட வழிவிடுவார். அந்த நாற்காலிகள் எதுவும் உங்களுடையது இல்லை. நீங்கள் தன்னார்வலர். வரிசையும் சாய்தளமும் வாசற்படியும்தான் உங்கள் இடம், உள்ளே போவது தலைமை அலுவலர் கூப்பிட்டால் மட்டும்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே வாக்குச்சாவடியில் உட்காருகிறார்களாமே?

உண்மைதான். அங்கே பல மாநிலங்களில் 16 வயதிலேயே மாணவர்களைச் சாவடிப் பணியாளராக எடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் 16 வயதும், மதிப்பெண் சராசரி 4-க்கு 2.5-உம் இருந்தால் போதும். வாக்காளர் பெயரைச் சரிபார்ப்பது வரைக்கும் செய்வார்கள், சம்பளமும் உண்டு. அங்கே இந்த வேலையைப் பெரும்பாலும் வயதானவர்கள்தான் செய்துவந்தார்கள், 2020-இல் கொரோனா பயத்தில் அவர்கள் ஒதுங்கியபோது இளசுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். நம் ஊரில் அரசு ஊழியர் படை இருப்பதால் அந்தத் தேவை வரவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "எனக்கு ஏன் நாற்காலி தரவில்லை" என்று கேட்காதீர்கள்.

18 வயது ஆகியிருக்க வேண்டுமா? யாரெல்லாம் வரக்கூடாது?

சக்கர நாற்காலி தள்ளவும், தண்ணீர் கொடுக்கவும், வரிசை பார்க்கவும் 18-க்குக் கீழே உள்ள பிள்ளைகளையும் சேர்ப்பதுண்டு. பெயர் கொடுக்க வேண்டியது உங்கள் கல்லூரியின் திட்ட அலுவலரிடம். அவரே தாலுகா அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்புவார்.

கட்சி வேலை பார்த்தவர்கள் வரவேண்டாம். வேட்பாளருக்காக வேலை செய்தவரை வாக்குப்பதிவு அலுவலராகப் போடக்கூடாது என்று அதே பிரிவு 26 சொல்கிறது, தன்னார்வலருக்கும் அந்த நியாயம் பொருந்தும்தானே. போன வாரம் வரை ஆட்டோவில் மைக் பிடித்தவர் இன்றைக்குக் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றால் உள்ளே உட்காரும் கட்சி ஏஜெண்டுகளுக்குத் தெரியாதா என்ன? உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையில் என்ன வேலை இருக்கும்?

கடலோரச் சாவடி என்றால் முதல் வேலை மணலோடு. பெரும்பாலான சாவடிகள் பள்ளிக்கூடங்கள். வாசலில் சாய்தளம் கட்டியிருப்பார்கள், ஆனால் கேட்டிலிருந்து அந்தச் சாய்தளம் வரைக்கும் மணல் கிடக்கும். சக்கர நாற்காலியை நேராகத் தள்ளினால் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் மணலில் புதைந்து, உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சாய்வார். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போகிற மாதிரி பின்பக்கமாக இழுத்துப் போங்கள், லேசாக வரும். பலகை ஏதாவது கிடைத்தால் முந்தின நாளே போட்டு வையுங்கள். சாய்தளத்தில் ஏறும்போது முன்பக்கம் பார்த்து, இறங்கும்போது பின்பக்கமாக. சேலை முந்தானையும் வேட்டி நுனியும் சக்கரத்தில் மாட்டாமல் மடியில் எடுத்துப் போடச் சொல்லுங்கள். அவர் எழுந்திருக்கும் முன் பிரேக்கைப் போட்டுவிட்டு, கால் வைக்கும் தட்டை மடக்குங்கள், இல்லையென்றால் அதன்மேல் ஏறி நின்றுவிடுவார், நாற்காலி கவிழும். இதை முந்தின நாள் சாயங்காலம் நண்பனை உட்கார வைத்துப் பழகிப் பார்ப்பது நல்லது.

அப்புறம் வரிசை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர் இவர்களை முன்னால் அனுப்ப வேண்டும். அதைச் சத்தம் போட்டு அறிவிக்க வேண்டாம், வரிசையில் முன்னால் நிற்கும் இரண்டு பேரிடம் "அக்கா, இவங்களை விட்டுருவோமா" என்று கேட்டால் போதும், யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். கேட்காமல் அனுப்பினால்தான் சத்தம் வரும்.

எந்த நேரத்தில் கூட்டம் என்பது கடலைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 அன்று, தடை தொடங்கி ஐந்தாம் நாள், விசைப்படகுகள் எல்லாம் கரையில். 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6 அன்று, தடைக்கு முன்னால். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் ஊரில் யார் எப்போது கரைக்கு வருவார்கள் என்பது உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும், அதைச் சாவடித் தலைமை அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெளியூர் ஆசிரியருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

வயதான அப்பத்தா "எனக்குக் கண்ணு தெரியல, நீயே அமுக்கிவிடு ராசா" என்றால்?

இதுதான் அன்றைக்குக் கட்டாயம் வரப்போகிற கேள்வி, இதற்குத்தான் தயாராக வரவேண்டும்.

தேர்தல் நடத்தை விதிகள், 1961, விதி 49என் சொல்வது இது: பார்வையின்மையாலோ உடல் தளர்ச்சியாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அமுக்கவோ முடியாதவர், தலைமை அலுவலர் அனுமதியோடு ஒரு துணையாளை உள்ளே அழைத்துப் போகலாம். துணையாளுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாகப் போகலாம். ஓட்டை ரகசியமாக வைத்திருப்பேன், வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படிப் போனவர்கள் பட்டியலைத் தலைமை அலுவலர் 14ஏ படிவத்தில் எழுதுவார்.

எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. சின்னம் எதற்கு இருக்கிறது, அதற்குத்தானே.

ஆக, வெளியில் நிற்கும் தன்னார்வலர் துணையாளாகப் போகலாமா? சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தால் 18 முடிந்த யாரும் ஒருமுறை போகலாம். ஆனால் அடையாள அட்டை மாட்டிய பிள்ளை ஓட்டு மறைப்புக்குள் போனால் உள்ளே இருக்கும் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் எழுந்து நிற்பார்கள், அவர்கள் எழுவது நியாயமும்தான். போகாதீர்கள். "அப்பத்தா, நான் வரக்கூடாது, வீட்டுல இருந்து பேரன் பேத்தி யாராவது வந்திருக்காங்களா?" என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் தெரு ஆள் ஒருவரை அவரே கை காட்டட்டும். துணையாளைத் தேர்ந்தெடுப்பது வாக்காளர், நீங்கள் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. பார்வையில்லாதவர் தனியாகவே போட விரும்பினால், இயந்திரத்தில் பிரெய்லி எண்கள் இருக்கின்றன, பிரெய்லியில் மாதிரி வாக்குச்சீட்டும் உண்டு. அதைத் தலைமை அலுவலரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை.

85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க முடியும். அதை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், வாக்குப்பதிவு அன்று வாசலில் வந்து கேட்டால் நடக்காது. ஆகவே நீங்கள் ஓடியாடி உதவ வேண்டிய நேரம் தேர்தல் நாளுக்குச் சில வாரம் முன்பே இருக்கிறது என்று சொல்லுவேன். அதை யாரும் செய்வதில்லை.

"அந்த ஆளுக்கு எந்தச் சின்னம்?" என்று கேட்டால்?

சொல்லாதீர்கள். 2024-இல் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயருள்ள வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். எந்தப் பெயர் எந்த ஆள் என்று வாக்காளர் குழம்புவது இயல்பு, உங்களுக்கும் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஒரு சின்னத்தின் பெயரை வாயால் சொன்ன அந்த நொடியில் அது பிரசாரம். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 130 தடை செய்கிறது. யாருக்காகச் சொன்னீர்கள், எதற்குச் சொன்னீர்கள் என்றெல்லாம் பக்கத்தில் நிற்பவர் யோசிக்க மாட்டார்.

வாசலில் வேட்பாளர் பட்டியல் சின்னத்தோடு ஒட்டியிருக்கும். "அங்கே ஒட்டியிருக்கு, பாருங்க" என்று அந்தத் தாளின் பக்கம் அனுப்பலாம். தாளில் விரல் வைத்துக் காட்ட வேண்டாம். 2015-லிருந்து இயந்திரத்தில் பெயருக்கும் சின்னத்துக்கும் பக்கத்தில் வேட்பாளர் படமும் இருக்கிறது, இதைச் சொல்லலாம். 16-க்கு மேல் பொத்தான் தேவைப்பட்டால் இரண்டாவது இயந்திரமும் பக்கத்திலேயே இருக்கும், அதையும் சொல்லலாம். முதல் இயந்திரத்தில் தேடிவிட்டு "என் சின்னம் இல்லை" என்று திரும்பி வருகிற ஆட்கள் உண்டு. பொத்தானை அமுக்கினால், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடியில் சீட்டு 7 நொடி தெரியும், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதும் சொல்லக்கூடியதே.

ரேஷன் கார்டோடு வருகிறார்களே, அனுப்பலாமா?

வாக்காளர் அட்டை இல்லையென்றால் தேர்தல் ஆணையம் ஏற்கும் மாற்று ஆவணங்களின் பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை. ஸ்மார்ட் ரேஷன் கார்டும் இல்லை. வீட்டுக்கு வந்து கொடுத்த வாக்காளர் தகவல் சீட்டை மட்டும் நீட்டினாலும் போதாது, அதில் வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படம் உள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை இதெல்லாம் செல்லும்.

நம் கடலோரத்துக்கென்று ஒன்று உண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் ஒரு ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? பலர் வீட்டில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அதுவும் பட்டியலில் இருக்கிறது. வேறு எதுவும் கையில் இல்லாதவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவில் இருப்பவர்கள் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்திருந்தால் அசல் பாஸ்போர்ட்தான் காட்ட வேண்டும், ஆதார் செல்லாது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு தெரிந்தால் கோபம் உங்கள்மேல்தான் வரும், வரிசையின் கடைசியிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆவணம் செல்லுமா செல்லாதா என்று கடைசியாக முடிவு சொல்வது உள்ளே இருக்கும் அலுவலர். நீங்கள் யாரையும் "போங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

"என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க" என்று ஒருவர் கத்தினால்?

அவரை வீட்டுக்குப் போகவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் அழைத்துப் போங்கள். விதி 49பி-இன்படி, அவர்தான் அந்த வாக்காளர் என்று அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், தாளில் அச்சடித்த வாக்குச்சீட்டு கொடுப்பார்கள், அதில் போட்டு உறையில் வைப்பார்கள். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு இந்த வழி கிடையாது, கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும். அவரை உதவி மேசையில் இருக்கும் பிஎல்ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அனுப்புங்கள், வேறு பாகத்தில் பெயர் இருக்கலாம்.

பர்தா போட்டு வரும் ராத்தாமார்களிடம் முகம் பார்க்க நாங்கள் கேட்க வேண்டுமா?

வேண்டாம், உங்கள் வேலையே இல்லை. அதற்குப் பெண் அலுவலரும் மறைவான இடமும் உள்ளே உண்டு. பெண்கள் வரிசையில் மாணவிகளை நிறுத்துங்கள்.

சொந்த ஊர்ச் சாவடி கேட்கலாமா, வேறு ஊர் கேட்கலாமா?

எல்லாரும் சொந்த ஊர்தான் கேட்பார்கள். லாபம் இருக்கிறது: ஆள் தெரியும், உங்கள் ஓட்டையும் அங்கேயே போட்டுவிடலாம். கஷ்டமும் அதேதான், ஆள் தெரியும். மாமா ஒரு கட்சி, சித்தப்பா இன்னொரு கட்சி, இரண்டு பேரும் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். "எத்தனை பேர் வந்தாங்க, யார் வரலை, போய்க் கூப்பிட்டு வா" என்று மாமா சொல்லுவார். போகக்கூடாது. வரிசையில் நிற்கும் மச்சான் முன்னால் விடச் சொல்லுவான். விடக்கூடாது. மறுநாள் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். அது ஒரு வாரம் இருக்கும், அப்புறம் கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்காருவார்கள்.

என்னைக் கேட்டால் பக்கத்து ஊர் நல்லது, சைக்கிளில் போகிற தூரம். தங்கச்சிமடத்துப் பிள்ளை பாம்பனில் நிற்கட்டும், பாம்பன் பிள்ளை தங்கச்சிமடத்தில். ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்காது.

அப்போ என் ஓட்டு?

அலுவலர்களுக்குத் தபால் ஓட்டும் பணிச் சான்றிதழும் இருக்கிறது. தன்னார்வலருக்கு அதை நம்பி இருக்காதீர்கள். காலை 7 மணிக்கு உங்கள் சாவடியில் முதல் ஆளாகப் போட்டுவிட்டு வருகிறேன் என்று முந்தின நாளே பொறுப்பாளரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

கைபேசி கொண்டுபோகலாமா?

முன்பெல்லாம் 100 மீட்டருக்குள் கைபேசியே கூடாது என்று இருந்தது, வேலிப்படலில் செருகிவிட்டு ஓட்டுப் போட வந்தவர்களும் உண்டு. 2025 மே மாதம் ஆணையம் இதை மாற்றியது: அணைத்து எடுத்து வந்து சாவடி வாசலில் சின்னச் சின்ன அறைகள் உள்ள பெட்டியிலோ சணல் பையிலோ ஒப்படைத்துவிட்டு உள்ளே போகலாம். அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களிடம் வரலாம். டோக்கன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், ஒரே நிறத்தில் ஒரே கம்பெனி போன் பத்து இருக்கும். உங்கள் போனும் அதே பெட்டியில்தான். விரல் மையோடு செல்ஃபி எடுக்க வெளியே வந்த பிறகு நேரம் இருக்கிறது.

"சாப்பிட்டுட்டு வர்றேன், கொஞ்சம் என் இடத்துல உட்காருப்பா" என்று அலுவலர் சொன்னால்?

அன்பாகத்தான் சொல்லுவார், பாவம், முந்தின நாள் இரவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடப்பவர். ஆனாலும் உட்காராதீர்கள். ஓர் அலுவலர் வரவில்லை என்றால், வேட்பாளருக்காக வேலை செய்யாத, அங்கே இருக்கும் ஒருவரைத் தலைமை அலுவலர் நியமித்து மாவட்டத் தேர்தல் அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்று பிரிவு 26-இலேயே வழி இருக்கிறது. அது முறையான நியமனம். சாப்பாட்டு நேரத்துக்கு நாற்காலி மாற்றிக்கொள்வது அது ஆகாது. "சார், நான் வேணும்னா உங்களுக்குச் சாப்பாட்டை இங்கேயே வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள், அவருக்கும் அதுதான் வசதி.

உள்ளே போய் வரும்போது யார் எதற்குப் போட்டார் என்று தற்செயலாகத் தெரிந்துவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. வாக்குப்பதிவுப் பணியில் இருப்பவர் ரகசியத்தை வெளியிட்டால் அதே சட்டத்தின் பிரிவு 128-இல் 3 மாதம் வரை சிறை உண்டு.

சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம்?

சாப்பாடு பொட்டலம் வரும், எப்போது வரும் என்று கேட்காதீர்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்க முடியாது. தொப்பி, துண்டு அவசியம், பந்தல் வாக்காளருக்கே பத்தாது. மாணவிகள் முந்தின நாளே போய்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்று மயங்கி விழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உடையில் கட்சிக் கொடி நிறங்கள் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி சட்டையும் வேண்டாம்.

பணம் கிடைக்குமா?

அதை நம்பி வராதீர்கள். சான்றிதழ் கிடைக்கும். என்எஸ்எஸ் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை காட்ட வேண்டும், அந்தக் கணக்கில் இந்த நாளைச் சேர்க்கச் சொல்லித் திட்ட அலுவலரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால் நடுவில் போய் விலக்கலாமா?

கூடாது. போலீஸ் இருக்கிறது. நீங்கள் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் குழந்தைகளையும் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்?

2024-இல் வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை. மாதிரி வாக்குப்பதிவு அதற்கு 90 நிமிடம் முன்பே ஏஜெண்டுகள் முன்னிலையில் நடக்கும், அதற்கு நீங்கள் தேவையில்லை, ஆறரைக்கு வந்தால் போதும்.

மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்ட எண் சீட்டுகளைக் கொடுப்பார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவருக்குத்தான் 1-ஆம் எண் சீட்டு, அங்கிருந்து முன்பக்கமாக எண் ஏறிக்கொண்டே வரும். அப்படிச் செய்தால் ஆறு மணிக்கு மேல் வந்து பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. இது தெரியாத வாக்காளர் "நான்தானே முன்னாடி நிக்கிறேன், எனக்கு ஏன் 43?" என்று சண்டைக்கு வருவார், எண் பெரிதானால் முறை முதலில் வரும் என்று விளக்க வேண்டியது நீங்கள். கடைசிச் சீட்டுக்காரர் போட்டு முடித்ததும் சக்கர நாற்காலியை மடக்கி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, போன் பெட்டியில் யாருடைய போனாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எண் சீட்டோடு தலைமை அலுவலரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இயந்திரத்துக்குச் சீல் வைப்பதை வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.